உரம் வைத்தால் மனுசன் காய்ப்பானா?

மருந்துக்கடைக்குப் பாதிப் பேர் நோய்க்கு மருந்து கேட்டு வருகிறார்கள், மீதிப் பேர் வயசுக்கு மருந்து கேட்டு வருகிறார்கள். இந்த இரண்டாவது கூட்டத்திடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறவனுக்குப் பேர்தான் கடைக்காரன்.

எண்பதுகளில் ஏற்காட்டில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே என் கடை. கடை என்னுடையது, படிப்பு என்னுடையதில்லை. மருந்து எடுத்துக் கொடுக்கச் சட்டப்படி படித்த ஆள் வேண்டும் என்பதால் அருளப்பன் இருந்தார். பேசினால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள். நான் அப்படியில்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அடிவாரத்தில் மலையேறுகிற பஸ்களின் ஜன்னலோரம் ஓடி ஓடிக் கொய்யாப்பழம் விற்று, பிறகு குப்பனூர் வழியாகப் பலாப்பழம் இறக்கி, மூடப் போன இந்த மருந்துக்கடையை மூன்று நாள் பேரம் பேசிப் பிடித்தவன். ஒரு பழத்தைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் கூடையில் போட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கோபம் அதைவிட அதிகம் உண்டு.

நீங்களும் கல்லாவில் உட்கார்ந்தவராக இருந்தால் இதைத் தலையாட்டிக்கொண்டே படிப்பீர்கள். இல்லையென்றால், உங்கள் வீட்டுப் பெரியவர்களின் தலைமாட்டில் இருக்கும் டப்பாவை ஒரு தரம் திறந்து பாருங்கள். நான் ஏன் கத்துகிறேன் என்பது தெரியும்.

ரெட்டை உரம்

மாரப்பனை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளியூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை காயவைக்கிற களத்துக்குக் காவல்காரர். அறுபத்தைந்து தாண்டியவர். மகன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். எஸ்டேட் ஆட்களின் வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டில் அவரும் அவர் மனைவி செல்லியும்தான். எஸ்டேட்டில் குடும்பத்துக்கு ஒரு பேராவது வேலையில் இருக்கிற வரைக்கும்தான் லைன் வீடு. புதிதாக வந்த மேனேஜர் சொல்லியிருந்தார்: காப்பிப் பழம் பறிப்பு முடிகிற வரைக்கும் பார்ப்பேன், கீழ்க்காட்டிலிருந்து மேல் பங்களா வரை ரோந்து சுற்ற முடியவில்லை என்றால் ஆளை எடுத்துவிடுவேன், வீட்டையும் காலி செய்ய வேண்டியதுதான் என்று. மாரப்பனுக்கோ என் கடையின் மூன்று படி ஏறவே இளைத்தது. முழங்காலைக் கையால் தாங்கிக்கொண்டுதான் ஏறினார். அதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

சத்து மாத்திரை கேட்டார். பத்து மாத்திரை உள்ள அட்டை ஒன்றைக் கொடுத்து, நாளைக்கு ஒன்று என்றேன். நாலாம் நாள் காலையில் அடுத்த அட்டைக்கு வந்து நிற்கிறார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மாரப்பண்ணே, எண்ணத் தெரியாதா உங்களுக்கு? தின்கிறது மாத்திரையா, பொரிகடலையா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. காப்பிச் செடியைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னார்:

"ஒரு வருசம் உரம் வெக்காம உட்ட செடிக்கு மறு வருசம் ரெட்டை உரம் வெக்கறமுங்க, நான் அறுவது வருசமா வெக்காத செடிங்க."

மஞ்சள்

ஏரிக்குப் போகிற வழியில் ஒரு ரிட்டையர்டு இங்கிலீஷ் வாத்தியார் இருந்தார். நாக்கில் புண் என்று டாக்டர் அவருக்கு பி காம்ப்ளெக்ஸ் எழுதிக் கொடுத்தார். பதினைந்து நாள் கழித்துக் கடைக்கு வந்தவரைப் பார்த்தால் ஆளே பாதியாகிவிட்டார். மஞ்சக்காமாலையாம். யார் சொன்னது என்றேன். அவரே சொல்லிக்கொண்டாராம். சிறுநீர் மஞ்சளாகப் போனதாம். உடனே உப்பை நிறுத்தி, எண்ணெயை நிறுத்தி, தினமும் கீழாநெல்லி அரைத்துக் குடித்து, கஞ்சியில் காலம் தள்ளியிருக்கிறார்.

அருளப்பன் அலமாரியிலிருந்து திரும்பாமலே, "அந்த மாத்திரை சாப்பிட்டா சிறுநீர் மஞ்சளாத்தான் போகும் சார், அது ஒடம்புக்கு வேண்டியது போக மிச்சம் வெளிய போறது" என்றார். எனக்கு வந்ததே கோபம். மூவாயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போய் ஒரு கேள்வி கேட்க மாட்டாரா? கண் மஞ்சளா, பசி இருக்கிறதா என்று காட்டிக்கொள்ள மாட்டாரா? அதைக் கேட்டதும் வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார்:

"மஞ்சள் குறையவே இல்லைப்பா, அதனால பத்தியத்தையும் கூட்டினேன், பலவீனமா இருக்கேன்னு மாத்திரையையும் ரெண்டாக்கினேன்."

பன்னிரண்டுக்கு மூன்று

சேலத்திலிருந்து மாதம் ஒரு தரம் டானிக் கம்பெனி ரெப் மேலே வருவார். கழுத்துப் பட்டி, தோல் பெட்டி, வளைவுகளில் வாந்தி எடுத்த களைப்பு. அந்த மாதம் ஒரு புது டானிக்கோடு வந்தார். அட்டைப்பெட்டியில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் பாறைமேல் நின்று சிரிக்கிறார். பன்னிரண்டு புட்டி எடுத்தால் ஒன்று இலவசம் என்றார். நான் பலாப்பழக்காரன். "கீழே இறங்குகிற பஸ்ஸுக்கு நேரமாச்சு, நீங்க கிளம்புங்க" என்று சொல்லி அவரை அரை மணி நேரம் நிற்க வைத்து, பன்னிரண்டுக்கு மூன்று என்று படிய வைத்தேன். அன்று பூராவும் எனக்கு ஒரே பெருமை.

அருளப்பன் ஒரு புட்டியை வெளிச்சத்தில் பிடித்து, பொடி எழுத்தை வரி விடாமல் படித்தார். அப்புறம் ஏற்கெனவே அலமாரியில் இருந்த இரண்டு கம்பெனி டானிக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "பேரு மூணுங்கண்ணே, உள்ள இருக்கறது அதேதான். ஆனா வர்றவங்க மூணையும் ஒண்ணா வாங்கிட்டுப் போறாங்க" என்றார். போகட்டும், தெம்புதானே, ஒன்றுக்கு மூன்றாக ஏறட்டும் என்றேன். ஏறவேண்டிய இடத்தில் ஏறாதாம். வெளியே போகாமல் உடம்பிலேயே தங்குகிற சத்து சிலது உண்டாம். அது மிஞ்சினால் விஷமாம். வயசானால் ஈரலும் சிறுநீரகமும் முன்னைப் போல வடிகட்டாதாம். மற்றதையும் சொல்லுங்கள் என்றேன், எரிச்சலோடு. சொன்னார்:

"சக்கரை வியாதிக்காரருக்கு இது பாயசமுங்க, குடியை விட்டவருக்கு இது சாராயமுங்க, மிச்சம் இருக்கறவங்களுக்கு மட்டுந்தான் இது டானிக்குங்க."

அந்தப் பதினைந்தில் முதல் புட்டியை யார் வாங்கியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாரப்பன்தான். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

புதன்கிழமை மாத்திரை

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் புதன்கிழமைதோறும் பழம் பறிக்கிற பெண்களுக்குச் சிவப்பு மாத்திரை கொடுப்பார்கள். ரத்தம் ஊற இரும்புச் சத்து. வாயில் போட்டுக்கொள்வதை நர்ஸ் பார்ப்பார். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் பாதிப் பேர் துப்பி முந்தானையில் முடிந்துகொள்வார்கள், வயிற்றைப் பிரட்டுகிறதாம். இது ஊரறிந்த சங்கதி. எனக்குத் தெரியாத சங்கதி, அந்த லைன் முழுவதும் முடிந்து வைத்த மாத்திரை எங்கே போகிறது என்பது.

ஒரு நாள் செல்லி முகப்பவுடர் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து, "இதுல எதுங்க நல்ல மாத்திரை?" என்று கல்லாமேல் கவிழ்த்தார். பாதிக்கு மேல் சிவப்பு. பெண்கள் "மாரப்பண்ணன் தெம்பா ரோந்து சுத்தோணும்" என்று ஆளுக்கு ரெண்டாகக் கொண்டுவந்து கொடுக்கிறார்களாம். அவர் காலையில் மூன்று, சாயங்காலம் மூன்று, சுடச்சுட வரக்காப்பியோடு. நான் தையத்தக்கா என்று குதித்தேன். காப்பியோடு குடித்தால் இரும்பு ரத்தத்தில் சேராது, வயிற்றைத்தான் கெடுக்கும் என்று அருளப்பன் எத்தனை தரம் சொல்லியிருக்கிறார். அந்த மாத்திரையில் ஒரு கைப்பிடியைச் சின்னக் குழந்தை மிட்டாய் என்று தின்றுவிட்டால் உயிரே போகும், மூடிகூட இல்லாத டப்பாவில் வைத்திருக்கிறீர்களே என்று கத்தினேன். குவியலில் ஏழெட்டு வெள்ளை மாத்திரையும் கிடந்தது. அது என்ன என்றேன். "அது முட்டி வலிக்குங்க, கிளியூர்ப் பொட்டிக்கடையில வாங்கறது, தெனமும் ரெண்டு போடுவாரு" என்றார். வெள்ளை மாத்திரையோடு எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை எல்லாம் சிவப்போடு. வெள்ளையை ஒதுக்கித் தள்ளிவிட்டு மறுபடி கத்த ஆரம்பித்தேன். செல்லி மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"ஊடு போயிருமேன்னு லைனு சனமே சேந்து குடுத்ததுங்க, அதை வேண்டாம்னு எப்படிங்க சொல்றது?"

கறுப்பு

இதைத்தான் எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

பறிப்புக்காலம் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சந்தைக் கூட்டம் கடைவாசல் வரை நிற்கிறது. அருளப்பன் கோயிலுக்குப் போயிருந்தார். நான் ஒரு ஆரஞ்சு வியாபாரியோடு கூடை விஷயமாக மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். பழைய பழக்கம், விடவில்லை. மாரப்பன் கூட்டத்தை விலக்கி வந்து கல்லாமேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, ஒரு வாரமா வெளிக்குப் போனா கறுப்பாப் போகுதுங்க. ரோட்டுத் தாராட்டம் இருக்குதுங்க" என்றார். முகம் சாம்பல் பூத்திருந்தது. என் கண் ஆரஞ்சுக் கூடையில் இருந்தது.

எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று அகப்பட்டுவிட்டது. இரும்பு மாத்திரை சாப்பிட்டால் கறுப்பாகப் போகும் என்று அருளப்பன் பலரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் அதற்கப்புறம் கேட்கிற கேள்விகள்தான் என் காதில் ஏறியதில்லை. "இரும்பு தின்னா கறுப்பாத்தான் போகும், பேசாம போங்கண்ணே" என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. கும்பிட்டார்:

"நீங்க சொன்னாச் சரிங்க."

படிக்கத் தெரிந்தவர்

அந்த வாரமே வாத்தியார் மறுபடி வந்தார். இந்தத் தரம் தலைவலி, தோல் உரிகிறது, முடி கொட்டுகிறது. வெளிநாட்டில் இருக்கும் மகள் ஒரு பெரிய புட்டி சத்து மாத்திரை அனுப்பியிருக்கிறாள். அதோடு என் கடை டானிக், அதோடு மீனெண்ணெய் உருண்டை. மூன்றிலும் ஏ விட்டமின். மூன்றையும் கூட்டிப் பார்த்த அருளப்பன் எல்லாவற்றையும் உடனே நிறுத்தச் சொல்லி, புட்டிகளோடு டாக்டரிடம் அனுப்பினார். புட்டியின் முதுகில் எல்லாம் இங்கிலீஷில் அச்சடித்திருக்கிறதே, நீங்கள் இங்கிலீஷ் வாத்தியார்தானே, படித்தால் என்ன என்று நான் கேட்டேன். வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்:

"முப்பது வருசம் படிக்கச் சொல்லிக் குடுத்தேன்பா, வாயில போட்டுக்கறதையும் படிக்கணும்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரலை."

ஓட்டை

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம், களத்தில் காப்பியைக் கிளறிக்கொண்டிருந்தவர்கள் கண் முன்னாலேயே மாரப்பன் சுருண்டு விழுந்தார். எஸ்டேட் ஜீப்பில் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். சேதி கேட்டு ஓடினேன். டாக்டரம்மா அவர் கீழிமையை இழுத்துப் பார்க்கிறார். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கிறது. இத்தனை இரும்பு தின்ற மனுசனுக்கு எங்கே போயிற்று ரத்தம் என்று நான் கேட்டேன். கேட்டது நானேதான்.

டாக்டரம்மா, கூட வந்திருந்த செல்லியின் மாத்திரை டப்பாவை வாங்கி மேசைமேல் கொட்டினார். சிவப்பைத் தொடவில்லை. நான் ஒதுக்கித் தள்ளிய வெள்ளையை விரலால் எடுத்தார். அந்த வலி மாத்திரை, வயசானவர் வெறும் வயிற்றில் மாதக்கணக்கில் தின்றதில், குடலில் புண்ணாகி உள்ளுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது. இளைப்பே அதனால்தான். இரும்பால் கறுத்தது வெறுமனே கறுத்திருக்கும். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு நாறினால் அது ரத்தம். "கறுப்பாப் போகுதுன்னு இவர் யார்கிட்டயும் சொல்லலையா?" என்று கேட்டார். செல்லி என்னைப் பார்த்தார். என்கிட்டதான் சொன்னார் என்று நானே சொன்னேன். நான் யார் மேலும் கோபப்பட முடியாமல் நின்ற முதல் நாள் அது. ரத்தம் ஏற்ற உடனே சேலத்துக்கு இறக்கச் சொல்லிச் சீட்டு எழுதியபடியே டாக்டரம்மா சொன்னார்:

"தொட்டியில தண்ணி குறைஞ்சா ஓட்டை எங்கன்னு பாக்கணும், நீங்க ஆளாளுக்குக் குடம் குடமா ஊத்திட்டு இருந்திருக்கீங்க."

பேரம்

மாரப்பன் சேலத்தில் பிழைத்துக்கொண்டார். மூன்று புட்டி ரத்தம் ஏறியது. ஆனால் இனி மேடேறிக் காவல் சுற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் வீடு போச்சு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு அவர் கேட்டது ஒரே கேள்விதான்: ஊட்டுச் சாமானையெல்லாம் எடுத்துப்போட்டுட்டாங்களா என்று.

நான் எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் சட்டம் பேசினார். முதலில் கத்தினேன், அவருக்கும் கத்தத் தெரிந்திருந்தது. அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்து, பழக்காரனாக மாறினேன். வீட்டுக்கு ஒரு பேர் வேலையில் இருந்தால் போதும் என்பதுதானே சட்டம்? செல்லிக்கு ஐம்பத்து மூன்றுதான். காப்பி நாற்றங்காலில் நாற்றுப் பைகளுக்கு மண் நிரப்புவது உட்கார்ந்து செய்கிற வேலை. அங்கே ஆள் போதவில்லை என்று எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டரே என் கடையில் வந்து புலம்பியிருக்கிறார். மேனேஜர் பறிப்பு முடியட்டும் என்றார். நான் இன்றைக்கே என்றேன். அடுத்த மாதம் என்றார். நான் எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் ரைட்டரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து செல்லி பேரை எழுதச் சொன்னார். நோட்டில் மை காய்கிற வரைக்கும் நின்றேன். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"நீங்க மருந்து விக்கறீங்களா, இல்ல மாட்டுத் தரகு பண்றீங்களா?"

திருப்பிப் பார்ப்பது

அதற்கப்புறம் கடையில் ஒரு புது வழக்கம். வயசானவர் யார் சத்து மாத்திரை கேட்டாலும், முதலில் வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வேன். டாக்டர் கொடுத்தது, பெட்டிக்கடையில் வாங்கியது, மகள் அனுப்பியது, பக்கத்து வீட்டுக்காரி இரக்கப்பட்டது, எல்லாம். அருளப்பன் ஒவ்வொன்றாகப் படிப்பார். ஒரே சரக்கு இரண்டு பேரில் இருந்தால் ஒன்று போகும். ரத்தம் பார்த்து, குறைவு என்று டாக்டர் சொன்னால்தான் இரும்பு. சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இரும்பும் ஒரே வாயில் கிடையாது, காப்பிக்கும் இரும்புக்கும் நடுவில் இரண்டு மணி நேரம். இளைப்பு, மயக்கம், தார் மாதிரிப் போகிறது என்றால் கடைப்படி ஏறவே விடமாட்டேன். கையைப் பிடித்து ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பிவிடுவேன். இதற்காக என்னைத் திட்டாத கிழவர்கள் ஊரில் இல்லை. "விக்கறதுக்குக் கடை வெச்சிருக்கியா, வெரட்டறதுக்கா?" என்று கேட்டவர்களும் உண்டு.

மூன்று மாதம் கழித்து மாரப்பன் வந்தார், கையில் ஒரு தடியோடு, மெதுவாக. மூன்று படியையும் நின்று நின்று ஏறினார். நான் ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "என் மேல கோபமாண்ணே?" என்றேன். அவர் மடியிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்தார், லைன் வீட்டுக்குப் பின்னால் அவர் வைத்த மரத்தில் பழுத்தது. கல்லாமேல் வைத்தார். என் கை தானாகப் போய் அதைத் திருப்பிப் பார்த்தது, சொத்தை இருக்கிறதா என்று. மாரப்பன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சிரித்தார்:

"அன்னிக்கு என்னையும் இப்படி ஒருக்காத் திருப்பிப் பாத்திருக்கலாமுங்க."

இப்போது என் கடையில் சத்து மாத்திரை விற்பது பாதியாகிவிட்டது, என் வாய் மட்டும்தான் ரெட்டை உரம் வைத்த செடி மாதிரிக் காய்க்கிறது.